வேணுமாம்

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. அவள் பற்கள் முத்துக் கோத்தாற்போல இருக்கும். கடைத்தெருவுக்குப் பின்னால், சைக்கிள் கடையின் மாடியில் இருந்த பல்செட் பட்டறையில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறு வடிவத்தை எடுப்பது பிளாஸ்டர் அண்ணன் என்கிற பெரியவரின் வேலை. அந்த ஈறின்மேல் மெழுகுப் பட்டை வைத்து, சின்ன நீலச் சுடரில் கத்தியைச் சூடாக்கி, பற்களை ஒவ்வொன்றாக நடுவது இவள் வேலை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா என்று, தாடை போலத் திறந்து மூடும் இரும்புக் கருவியில் மாட்டிக் கடகடவென்று ஆட்டிப் பார்ப்பாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் நட்ட பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணவன் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பு அவன் ஓட்டிய பஸ்ஸில்தான் தினமும் வீடு திரும்புவாள். ஒருநாள் இறங்கும்போது, "தலையில மாவு கொட்டியிருக்குங்க" என்றான்.

"மாவு இல்ல, பிளாஸ்டர்."

"கை உடைஞ்சவங்களுக்குப் போடறதா?"

"இல்ல, பல்லு உடைஞ்சவங்களுக்கு."

அவன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை எடுக்கவே மறந்துபோனான். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று. "பல்வரிசை நல்லா இருந்துச்சு, அதான் ஒத்துக்கிட்டேன்" என்று பல்லக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் ஓட்டை வழியே காற்று வரும். அடுத்தது இரட்டை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். உருண்டையாக இருந்த பெண்ணுக்குப் பட்டாணி என்று பெயர். பையனுக்கு ரயில்.

அந்தப் பெயர் வந்த கதை வீட்டுச் சுவரைப் பார்த்தாலே தெரியும். அவன் நடந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் நடப்பான். அவன் தோள் உயரத்துக்கு வீடு முழுக்க ஓர் அழுக்குக் கோடு ஓடியது. வாசற்படி வந்தால் நிற்பான், ஒரு கூவல் கூவுவான், தாண்டிப் போய் எதிர்ச்சுவரைப் பிடிப்பான். வழியில் யாராவது நாற்காலி போட்டிருந்தால் அதை நகர்த்தும்வரை அங்கேயே நின்று கூவுவான்.

பட்டாணிக்கு வேறு வேலை. அவள் எல்லாவற்றையும் தூங்க வைத்தாள். கரண்டி, ரிமோட், சீப்பு, அப்பாவின் ஒற்றைச் செருப்பு, எது கையில் கிடைத்தாலும் அதைப் படுக்கவைத்து, கைக்குட்டையைத் தலைவரை இழுத்துப் போர்த்தித் தட்டிக்கொடுப்பாள். யாராவது எடுக்கப் போனால் உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பாள். விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பும் டிரைவர், டிப்போவுக்குப் போட்டுப் போகவேண்டிய அடையாள அட்டையைத் தேடி வீட்டையே தலைகீழாக்குவான். அது சோபாவுக்கு அடியில், கைக்குட்டைப் போர்வைக்குள் சுகமாக உறங்கிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளின் பழக்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வரும், வந்த மாதிரியே போய்விடும் என்பதைப் பல்லக்கா அறிந்திருந்தாள். போன வருஷம் இரண்டும் எதைக் கொடுத்தாலும் இரண்டாகப் பிய்த்த பிறகுதான் வாயில் வைத்தார்கள். அது ஒருநாள் நின்றுபோனது. அதனால் கோட்டையும் கைக்குட்டையையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு மட்டும்தான் மனதை அரித்தது.

இரண்டும் ஊமை இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து ஓயாமல் பேசினார்கள். ஆனால் அது அவர்கள் இருவருக்கு மட்டுமே ஆன பாஷை. "டுக்கா", "ஆப்பூ", "வாவ்வா", "மிஞ்ஞி" என்று ஒன்று சொல்ல, மற்றது விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தப் பாஷை வீட்டில் வேறொருத்திக்குத்தான் தெரியும். பெரியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று, அறிவிப்பாள்.

"அம்மா, அவங்களுக்கு பிஸ்கட் வேணுமாம்."

"அம்மா, இந்தச் சட்டை குத்துதாம்."

"அம்மா, லைட்டை அணைக்கக் கூடாதாம்."

வேலையிலிருந்து வந்து, சட்டியை அடுப்பில் ஏற்றி, துணியை மடித்து, தூங்கும் டிரைவரைத் தாண்டித் தாண்டி நடக்கிற பல்லக்காவுக்கு இது பெரிய உபகாரமாக இருந்தது. பெரியவள் சொன்னால் சரி. பிஸ்கட் டப்பா மேல்தட்டிலிருந்து இறங்கும், இரண்டு கைகள் நீளும், பெரியவளும் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்வாள்.

ஒருநாள், பகலில் இரட்டையரை விட்டுப் போகும் குழந்தைகள் காப்பகத்து மிஸ் அவளை வாசலில் நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வயசுல மத்த பிள்ளைங்க கதையே விடறாங்க. இவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ளயே பேசிக்கறாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. வீட்டுல நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?"

"எங்க பெரியவ சொல்லிடுவா மிஸ்."

மிஸ் உள்ளே விளையாடிக்கொண்டிருந்த இரட்டையரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு தடவை பேச்சு டாக்டரைப் பாத்துடுங்களேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் பல்லக்கா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தாள். இருவரையும் ஜன்னலோரம் உட்காரவைத்து, டார்ச் அடித்து, வாயைத் திறந்து, நாக்கையும் பல்லையும் அண்ணத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. பட்டாணி அவள் விரலை நறுக்கென்று கடித்து, கடிப்பும் சரியாகவே பொருந்துகிறது என்று காட்டினாள்.

மறுநாள் பட்டறையில் அந்தக் கடிவாயைப் பார்த்த பிளாஸ்டர் அண்ணன், "பல்லுல என்னம்மா இருக்கு? பல்லே இல்லாதவங்க நம்மளைத் திட்டறாங்களே, ஒரு வார்த்தையாவது புரியாம இருக்கா?" என்றார். சிரித்தாள். ஆனால் மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேச்சு டாக்டரிடம் போனாள்.

அந்த அறையில் மேஜையே இல்லை. தரையில் விரிப்பு, மர விலங்குகள், ஆள் உயரக் கண்ணாடி. டாக்டரம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு மரக்குதிரையை எடுத்து நீட்டினாள். "இது யாரு?"

ரயில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மிஞ்ஞி" என்றான்.

பெரியவள் முன்னால் வந்தாள். "அவனுக்குக் குதிரை பிடிக்காதாம். இங்க பிஸ்கட் இருக்கான்னு கேக்கறான்."

"யாருக்கு பிஸ்கட்?"

"அவனுக்குத்தான்." ஓட்டை வழியே காற்று வந்தது. "எனக்கும் ஒண்ணு குடுத்தா வாங்கிக்குவேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். அன்று நெடுநேரம் பிள்ளைகளோடு விளையாடினாள். மணியடித்துக் காது கேட்கிறதா என்று பார்த்தாள், பொம்மையை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னாள். எதைக் கேட்டாலும் இரட்டையர் வாயைத் திறப்பதற்குள் பெரியவளிடமிருந்து பதில் வந்தது. கடைசியில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, பல்லக்காவை வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. காது நல்லா கேக்குது, சொன்னது புரியுது. இரட்டைப் பிள்ளைங்க சில பேர் இப்படித் தனியா ஒரு பாஷை பேசிக்குவாங்க. ஆனா இவங்களுக்கு நம்ம பாஷை பேசவேண்டிய அவசியமே வரல. நடுவுல ஒரு ஆள் இருக்காங்க இல்ல? ஸ்கூல் லீவு வருதே, பெரியவளை யாராவது சொந்தக்காரங்க வீட்டுல கொஞ்ச நாள் விட முடியுமா? தண்டனை மாதிரி தெரியக் கூடாது. சந்தோஷமா போகணும்."

பல்லக்காவின் தங்கை ஊரின் அடுத்த கோடியில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். சுழல் நாற்காலியும் சுற்றிலும் கண்ணாடியும் உள்ள அந்தக் கடை என்றால் பெரியவளுக்கு உயிர். சித்தி வந்து கூப்பிட்டதும் பையை எடுத்துவிட்டாள். ஆனால் செருப்பு மாட்டும்போது முகம் மாறியது.

"நான் இல்லாட்டி அவங்க சொல்றதை யாரு சொல்லுவா?"

"நீ சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா.

பெரியவள் செருப்பைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். "டுக்கான்னா பிஸ்கட். ஆப்பூன்னா லைட்டை அணைக்காதே. வாவ்வான்னா நீ வந்து நடுவுல படுக்கணும். மிஞ்ஞின்னா..." கொஞ்சம் யோசித்தாள். "மிஞ்ஞி நிறைய இருக்கு. அது உனக்கு வராது."

"சரிம்மா."

"மறந்துட மாட்டியே?"

"மறக்க மாட்டேன். போய்ட்டு வா."

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும்வரை, இரட்டையர் கேட் கம்பிக்கு நடுவே முகத்தைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. பல்லக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ரயில் சுவரோடு சுவராக வந்து, அவள் எதிரே நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, "டுக்கா" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கி, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். வாங்கி நிக்கர் பையில் போட்டுக்கொண்டான். மறுபடியும் கையைத் தூக்கினான். "டுக்கா!"

இன்னொன்று கொடுத்தாள். அதுவும் பைக்குள் போயிற்று. மூன்றாவதைப் பட்டாணி வாங்கி, தரையில் படுக்கவைத்து, கைக்குட்டை போர்த்தினாள். ரயிலுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "டுக்கா, டுக்கா" என்று குதிகாலைத் தரையில் அடித்தான். பல்லக்கா டப்பாவையே அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் காலால் தள்ளினான்.

வேலை முடிந்து வந்து படுத்திருந்த டிரைவர் சத்தத்தில் விழித்துக்கொண்டு, லுங்கியை இழுத்துக் கட்டியபடி தூக்கக் கலக்கத்தோடு வந்தான். வழியில் நின்ற பையனை, மூட்டையை நகர்த்துகிற மாதிரி ஒரு கையால் வாரித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனான். அழுகை சட்டென்று நின்றது. "டுக்கா, டுக்கா" என்று தோளின் மேலிருந்து ஒரே சிரிப்பு.

பல்லக்கா பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். "என்னங்க, அவன் என்ன சொல்றான்?"

"தூக்குங்கறான்." டிரைவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "வேற என்ன?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்பவும் அப்படித்தானே கேக்குது."

"ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் பிஸ்கட்டு பிஸ்கட்டுன்னு ஓடிட்டு இருந்தீங்க. சரி, பிஸ்கட்டும் கேக்கறான் போலன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை மாதமாக அந்தப் பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறார்கள், இவள் தின்னக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு பட்டாணியைப் பார்த்து, "டுக்கா?" என்றாள். பட்டாணி பிஸ்கட்டைத் தூங்கவிட்டு ஓடிவந்தாள். அன்றைக்குத் துவைத்த துணியெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளையோடு உலர்த்தப்பட்டது.

ராத்திரி அவர்களைப் படுக்கவைத்தபோது, அசதியில் விளக்கை அணைத்துவிட்டாள். உடனே, "ஆப்பூ!" என்று குரல் வந்தது. அடடா, மறந்துவிட்டோமே என்று மறுபடி போட்டாள். இந்த முறை இரண்டு குரலும் சேர்ந்து, கோபமாக, "ஆப்பூ! ஆப்பூ!" பட்டாணி தலையணையை எடுத்து முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். ரயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

பல்லக்கா சுவிட்சில் விரலை வைத்தபடி யோசித்தாள். அணைத்தாள்.

"ஆப்பூ" என்று பட்டாணி திருப்தியாகப் பெருமூச்சு விட்டாள். அவள் நடுவில் வந்து படுத்ததும், இருட்டில் இரண்டு சின்னக் கைகள் அம்மாவின் காதுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டன. மற்ற நாட்களில் புரண்டு, எழுந்து, அழுது அமர்க்களம் செய்கிறவர்கள், அன்று பேச்சு மூச்சில்லாமல் தூங்கிப்போனார்கள்.

ஆஃப். ஆஃப் பண்ணு என்று தினமும் கெஞ்சியிருக்கிறார்கள். பெரியவள் அதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். அணை என்பதோடு ஒரு 'க்காதே'யை மட்டும் சேர்த்துவிட்டாள்.

அப்படியானால் விளக்கு யாருக்கு வேண்டியிருந்தது?

மறுநாள் பட்டறையில் ஒரு கீழ்வரிசையை நட்டுக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கேள்வியே மனதில் ஓடியது. மூத்தவளுக்கு முன்பெல்லாம் குட்டி என்றுதான் பெயர். இரட்டையரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, வாசலில் நின்ற அவளைப் பார்த்து யாரோ, "இனிமே நீதான் பெரியவ" என்றார்கள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. பெரியவ அழக் கூடாது. பெரியவ விட்டுக்குடுப்பா. பெரியவ எதுக்கு இடுப்புல ஏறணும்? அப்போது அவளுக்கு நாலு வயதுதான்.

அதற்குப் பிறகு அவள் 'எனக்கு வேணும்' என்று எதையாவது கேட்டாளா என்று பல்லக்கா நினைவைத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. வேணும் என்பதே அவள் வாயில் வரவில்லை. வேணுமாம், கூடாதாம், குத்துதாம். எல்லாவற்றுக்கும் ஓர் 'ஆம்' ஒட்டியிருந்தது. சின்னவர்களின் பேச்சு என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் பெரியவளின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டதையெல்லாம் செய்தும் கொடுத்திருக்கிறாள். யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

"என்னம்மா, பல்லைத் திருப்பி நட்டிருக்க?" என்றார் பிளாஸ்டர் அண்ணன்.

பார்த்தாள். கடைவாய்ப் பல் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மெழுகை உருக்கி எடுத்துத் திரும்ப நட்டாள்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள். பெரியவளே எடுத்தாள். சித்தி அவளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினாளாம். கீழே விழுந்த முடியைக் கூட்டினாளாம். ஒரு அம்மா அவள் கூட்டுவதைப் பார்த்து, சமத்து என்றாளாம். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, வேலை விஷயத்துக்கு வந்தாள்.

"அங்க பிள்ளைங்க என்ன சொல்றாங்க? ஏதாவது புரியலைன்னா கேளு."

"ஆப்பூன்னு சொல்றாங்க."

"நான்தான் சொன்னேனே. லைட்டை அணைக்கக் கூடாதாம்."

"சரி, சரி." பல்லக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "சித்தி வீட்டுல ராத்திரி லைட் இருக்கா?"

மறுமுனையில் முடி உலர்த்தும் மெஷினின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இல்ல" என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்தி. "சித்தி இருட்டாக்கிடறாங்க."

"அப்படியா? நான் சித்திகிட்ட சொல்றேன். ஒரு சின்ன லைட்டாவது எரியட்டும்."

"என்னன்னு சொல்லுவ?"

"எங்க வீட்டுல அதுதான் வழக்கம்னு சொல்லுவேன்."

நீளமாக ஒரு மூச்சு வெளியேறுவது போனில் கேட்டது. "சரி. சொல்லு."

அந்த நாட்களில் இரட்டையரின் நாக்கு எப்படித் திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. பல்லக்கா செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். கையை நீட்டினால், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அழுகை வரும், கால் உதைப்பு வரும், கடைசியில் ஏதாவது ஒரு சொல்லும் வரும். முதலில் 'தண்ணி' வந்தது. அப்புறம் 'இல்ல' வந்தது. அந்த 'இல்ல' இருவருக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. குளிக்கிறியா, இல்ல, சாப்பிடறியா, இல்ல, நீ யாரு, இல்ல. காப்பகத்து மிஸ், "இப்ப எல்லாத்துக்கும் எதிர்த்துப் பேசறாங்க" என்று பெருமையாகப் புகார் சொன்னாள்.

லீவு முடியப் போகும் சமயம் சித்தி பெரியவளைக் கொண்டுவந்து விட்டாள். நெற்றியில் புதிதாக வெட்டிய முடி, கையில் ஒரு பழைய சீப்பு. கேட்டைத் திறந்ததுமே ரயில் சுவரை விட்டுவிட்டு முற்றத்துக்கு நடுவே ஓடி வந்தான்.

"அக்கா வந்தாச்சு!"

பெரியவள் நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இவன் பேசறான்" என்றாள். அதில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவளுக்குச் சரியாகவே இல்லை. பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, "அம்மா, பட்டாணிக்குப் பால் வேணுமாம்" என்று தொடங்குவாள். பட்டாணி பக்கத்திலிருந்து, "இல்ல! தண்ணி!" என்பாள். பெரியவளின் காது சிவந்துவிடும். வேலை போன ஆள் மாதிரி வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். சோபாவுக்கு அடியில் படுத்திருந்த கரண்டிகளையெல்லாம் எழுப்பி, பட்டாணியோடு சண்டை போட்டாள்.

ஒருநாள் மாலை, இரட்டையரை டிரைவர் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வாரி அடிக்கும் சத்தமும் அவன் கத்தலும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அவங்களுக்கு பிஸ்கட் வேணுமாம்."

"அவங்க குளிக்கறாங்களே."

"குளிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

பல்லக்கா அடுப்பைத் தணித்தாள். டப்பாவை இறக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் தட்டினாள். பெரியவள் சந்தேகமாக உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு வேணுங்கறது இருக்கட்டும். உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். நான் பெரியவ."

"நான் உன்னைவிடப் பெரியவ. எனக்கு இப்ப வேணும்." ஒன்றை எடுத்துக் கடித்தாள். பெரியவள் அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு டப்பாவுக்குள் கையை விட்டாள். இருவரும் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார்கள். முன்பல் இல்லாததால் பெரியவள் கடைவாயில் வைத்துத்தான் கடித்தாள்.

"அம்மா, அந்த டாக்டர்கிட்ட நீ என்ன சொன்ன?"

"எதைப் பத்தி?"

"நான் பொய் சொல்றேன்னு சொன்னியா? அதான் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

பல்லக்கா கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். பிள்ளை சுழல் நாற்காலியில் சுற்றியபோதும் இதை மடியில் கட்டிக்கொண்டேதான் சுற்றியிருக்கிறது.

"இல்லடி. நீ பொய் சொல்லல. கேட்டதெல்லாம் நிஜம்தான். கேட்ட ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்ட. எனக்குத்தான் முதல்லயே புரிஞ்சிருக்கணும். நீ நேரா வந்து எனக்கு இருட்டுன்னா பயம்னு சொன்னா, லைட்டு போட மாட்டேனா?"

"நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்."

"அப்பா சிரிப்பாரு."

"அப்பா சிரிப்பாரு" என்று பல்லக்கா ஒத்துக்கொண்டாள். "சிரிச்சிட்டு எழுந்து போய் போடுவாரு."

பெரியவள் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பல்லக்கா அவளை அப்படியே இழுத்து மடியில் உட்காரவைத்தாள். கால்கள் தரையில் தூரத்தில் போய் இடித்தன. முழங்கை விலாவில் குத்தியது. மடி பத்தவே இல்லை. "குட்டி" என்றாள், பல நாள் கழித்து.

"அப்படிக் கூப்பிடாத. ஸ்கூல்ல கேட்டா மானம் போயிடும்."

"சரி. வேற என்ன வேணும், சொல்லு."

பெரியவள் யோசித்தாள். பிஸ்கட் தூளை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள். ரொம்ப நேரம் கழித்து, ஓட்டை வழியே காற்று வர, "எனக்கு அப்பா பஸ்ல முன்சீட்டுல உக்காந்து, கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும்" என்றாள். "நான் மட்டும்."

விளக்கு விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டிரைவர் சிரித்தான்தான், ஆனால் பெரியவளின் கட்டிலை நடையின் பக்கம் நகர்த்தி, நடையில் ஒரு சின்ன பல்பு மாட்டினான். அவள் முகத்தில் வெளிச்சம் விழும், இரட்டையரின் மூலை இருட்டாக இருக்கும். அம்மா யார் பக்கத்தில் படுப்பது என்பதில் மட்டும் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை. வாவ்வா என்பதைப் பெரியவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

பஸ் பயணம் லீவின் கடைசி நாளில் அமைந்தது. விடியும் முன்னே அப்பாவோடு சேர்ந்து எழுந்து, தலை வாரி, பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெரியவள் கிளம்பிப் போனாள். வெயில் ஏறிய பிறகு, இரட்டையரைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டிய பல்லக்கா, இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருந்தாள். டிரைவர் ஓட்டும் பஸ்தான் வந்து நின்றது. கதவு திறந்தது.

டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டில் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெட்டிய முடி காற்றில் கலைந்து நெற்றியில் நின்றது. அம்மாவைப் பார்த்து ஒரு சின்ன தலையசைப்பு, அவ்வளவுதான். அவள் கண் சாலையிலேயே இருந்தது.

"அக்கா! அப்பா! பஸ்ஸு!" ரயில் படியில் காலை வைத்துவிட்டான். பட்டாணி பின்னாலேயே ஏறப் பார்த்தாள்.

பெரியவள் அப்போதுதான் திரும்பினாள். "எனக்கு நீங்க இப்ப வேணாம்" என்றாள், ரொம்ப மரியாதையாக. "அடுத்த பஸ்ல வாங்க."

டிரைவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தான், பிறகு கீழே நின்ற மனைவியைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று புருவத்தைத் தூக்கினான். அடுத்த பஸ்ஸில் போனால் பட்டறைக்குத் தாமதமாகும். பிளாஸ்டர் அண்ணன் ஏதாவது சொல்வார். பல்லக்கா ரயிலைப் படியிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் பட்டாணியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"போங்க" என்றாள்.

இரண்டும் ஓவென்று அழுதன. கதவு மூடியது. பஸ் மெதுவாக நகர்ந்து, முக்கில் வேகம் குறைத்து, பெரிய சாலைக்குள் திரும்பிப் போயிற்று.